கழிவுக்குப் பயன் கண்டால் கடன் தீருமா?

உலகில் மக்கள் கையாளும் பொருள்களை நம் பெரியோர் இருவகையாகப் பகுத்துரைத்தனர். ஒருமுறை நுகர்ந்த அளவில் கழிக்கத்தக்கது போகம். மீண்டும் மீண்டும் எடுத்து நுகரத்தக்கது உபபோகம். உணவு, மலர், சந்தனம் முதலியன முன்னதன்பாற்படும். ஆடை, அணிகலன், பாத்திரம், கட்டில் முதலியன பின்னதன்பாற்படும். சமந்தபத்திர சுவாமிகள் அருளிய இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், இல்லறத்தார்க்குரிய குணவிரதங்களை விளக்குமிடத்து இப்பகுப்பு வருகிறது. இவ்விருவகைப் பொருள்களுக்கும் ஓர் எல்லை வகுத்துக்கொண்டு அதற்குட்பட்டு வாழ்வதே போகோபபோக பரிமாண விரதம் என்பதை அன்பர்கள் அறிவர். சோறு வேறு, வேட்டி வேறு என்று சொல்வதற்கு ஒரு நூல் வேண்டுமா என இளமையில் நமக்குத் தோன்றியதுண்டு. இன்று அப்பகுப்பே நமக்குப் பெரிதும் தேவைப்படுகிறது.

அந்நூல் எழுந்த காலத்தில் ஒரு பொருளின் உடலும் அதன் பயனும் ஒத்திருந்தன. ஒருநாள் சூடும் மலர் மறுநாள் வாடியது. உண்டு எறிந்த வாழையிலையை மாடு தின்றது, எஞ்சியது மண்ணாயிற்று. தலைமுறைக்கு வரும் பித்தளைக் குடம் தலைமுறைக்கும் உழைத்தது. பிளாஸ்டிக் என்னும் பொருள் வந்த பிறகே இவ்வொற்றுமை குலைந்தது. தேநீர்க் கடையில் ஐந்து நிமிடம் கையிலிருக்கும் குவளை, காய்கறிக் கடையிலிருந்து வீட்டு வாயில்வரை வரும் பை, சாம்பார் கட்டிய உறை ஆகிய இவற்றின் பயன் மலரின் பயனைவிடக் குறுகியது. உடலோ நம் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் காலத்திலும் அழியாதது. போகத்துக்குப் பயன்படுத்தப்படும் இப்பொருளுக்கு உபபோகத்திற்கும் மிகுந்த ஆயுள் அமைந்துவிட்டது. இத்தகைய பொருளுக்கு எந்த எல்லை வகுப்பது என்று பழைய நூல்களில் தேடினால் நேரடியாகக் கிடைக்காது. அவற்றிலுள்ள அளவுகோலைக் கொண்டு நாமே அளந்தாக வேண்டும்.

இதனை இப்போது எழுத வேண்டிய காரணம் ஒன்று உண்டு. பிளாஸ்டிக் கழிவிலிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள், கடற்பாசியிலிருந்து எரிபொருளும் பையும் செய்கிறார்கள் என்ற செய்திகள் அடிக்கடி வருகின்றன. படித்த இளைஞர் பலர் இவற்றைக் காட்டி, “இனிக் கவலைப்பட வேண்டியதில்லை, அறிவியல் வழி கண்டுவிட்டது” என்கின்றனர். திருமணப் பந்தியொன்றில் பிளாஸ்டிக் குவளைகளைப் பற்றி நாம் ஒரு சொல் சொன்னபோது நமக்குக் கிடைத்த விடையும் இதுவே. அறிவியல் கண்ட வழி மெய்தானா, மெய்யாயின் அது எதுவரை செல்லும், அதனால் நம் கடன் தீர்கிறதா என்பவை ஒன்றன்பின் ஒன்றாக ஆராயத்தக்கவை. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நமக்குக் கற்பித்த முதல் விதி. எனவே எல்லார் கையிலும் உள்ள பையிலிருந்தே தொடங்குவோம்.

பாலிதீன் என்னும் பொருள் 1933இல் இங்கிலாந்தின் வேதியியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் தற்செயலாகத் தோன்றியது. இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளின் மின்கம்பிகளுக்கு உறையாக அது உதவிற்று. அதனை இன்று நாம் காணும் கைப்பிடிப் பையாக வடித்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் ஸ்டென் குஸ்தாவ் துலின்; 1965இல் அதற்குக் காப்புரிமை பெறப்பட்டது. காகிதப் பைகளுக்காக மரங்கள் வெட்டப்படுவதைக் குறைக்கவே அவர் இதனைச் செய்தார் என்றும், ஒரு பையை மடித்துச் சட்டைப்பையில் எப்போதும் வைத்திருந்து மீண்டும் மீண்டும் பயன்படுத்தினார் என்றும் அவருடைய மகன் பிற்காலத்தில் தெரிவித்திருக்கிறார். உபபோகமாகப் பிறந்த பொருளை உலகம் போகமாக மாற்றிக்கொண்டது. குற்றம் பொருளின்மீதா, பொருளைக் கையாண்டவர்மீதா என்று நம் பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னால் இந்த ஒரு செய்தியே போதும்.

அவ்வாறு மாற்றிக்கொண்டதன் விளைவு எத்துணைப் பெரிது என்பதை 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. 2015ஆம் ஆண்டுவரை உலகில் உற்பத்தியான பிளாஸ்டிக் ஏறத்தாழ 830 கோடி டன். அதில் கழிவானது 630 கோடி டன். அக்கழிவில் மறுசுழற்சிக்கு உட்பட்டது 9 விழுக்காடு. எரிக்கப்பட்டது 12 விழுக்காடு. எஞ்சிய 79 விழுக்காடு குப்பைமேடுகளிலும் வயல்களிலும் ஆறுகளிலும் கடலிலும் கிடக்கின்றது. கழிவுக்குப் பயன் காணும் முயற்சிகளை எடைபோடும்போது இக்கணக்கை நினைவில் வைக்க வேண்டும்.

அம்முயற்சிகளுள் தமிழ்நாட்டுக்குப் பெருமை சேர்த்தது மதுரையில் நிகழ்ந்தது. தியாகராசர் பொறியியற் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் இரா. வாசுதேவன், கழிவுப் பிளாஸ்டிக்கைக் கொண்டு சாலை அமைக்கும் முறையைக் கண்டார். முறை மிக எளியது. சாலைக்குரிய சல்லிக்கற்களை ஏறத்தாழ 170 பாகை வெப்பத்துக்குச் சூடாக்கி, அவற்றின்மீது துண்டு துண்டாக நறுக்கிய பிளாஸ்டிக்கைத் தூவினால், அது உருகிக் கல்லின்மேல் மெல்லிய படலமாகப் படிகிறது. பின்னர் தார் சேர்க்கப்படுகிறது. படலம் கல்லையும் தாரையும் இறுகப் பிணைப்பதோடு, மழைநீர் கல்லுக்குள் இறங்காமலும் தடுக்கிறது. 2002இல் கல்லூரி வளாகத்திலேயே அவர் ஒரு சாலையை அமைத்துக் காட்டினார். ஒருவழிச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்குத் தேவைப்படும் பத்து டன் தாரில், ஏறத்தாழ ஒரு டன்னுக்குப் பிளாஸ்டிக் ஈடாகிறது. 2015இல் மைய அரசு, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களைச் சூழ்ந்த நெடுஞ்சாலைப் பணிகளில் இம்முறையைக் கட்டாயமாக்கியது. 2018இல் பேராசிரியருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. விலைக்கு விற்றுப் பெரும்பொருள் ஈட்டியிருக்கத்தக்க இவ்வித்தையை நாட்டுக்கு இலவசமாகவே வழங்கினார் என்பது, விருதைவிட நம்மை மகிழ்விக்கும் செய்தி.

நம் அளவுகோலால் இதனை அளந்து பார்ப்போம். ஐந்து நிமிடப் பையைப் பல்லாண்டுச் சாலையாக்குவது, நெறி தவறிப் போகமான ஒன்றை மீண்டும் உபபோகமாக்குவதாகும். ஆதலால் இது நற்செயலே. எனினும் எல்லாவகைப் பிளாஸ்டிக்கும் சாலைக்கு ஆகாது. குழாய்கள் செய்யும் பி.வி.சி. சூட்டில் நச்சுவாயுவை விடுவதால் அதனைச் சேர்க்கலாகாது. ஏனையவற்றையும் தரம் பிரித்து, மண் நீக்கி, உலர்த்தித் தரவேண்டும். பிரிப்பவர் யார்? விடியற்காலையில் தள்ளுவண்டியோடு வரும் தூய்மைப் பணியாளர். அவருக்கும் முன்னே கோணிப்பையுடன் தெருவைக் கடக்கும் குப்பை பொறுக்கும் சிறுவன். சோற்றுப் பருக்கையும் மீன்முள்ளும் குழந்தையின் மலமும் கலந்து நாம் கட்டி எறிந்த பையை அவர்கள் வெறுங்கையால் அவிழ்க்கின்றனர். அறிவியலின் புகழ்பெற்ற முறைகள் யாவும் அக்கைகளுக்குப் பின்னரே தொடங்குகின்றன. செய்தித்தாள்கள் இயந்திரத்தின் படத்தைப் போடுகின்றன. அக்கைகளின் படத்தைப் போடுவதில்லை.

அடுத்தது எண்ணெய். பிளாஸ்டிக்கை மூடிய கலத்தில் இட்டு, காற்று புகாமல் 400, 500 பாகை வரை வெப்பமூட்டினால் அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுந்து ஆவியாகின்றன. அந்த ஆவியைக் குளிர்வித்தால் எண்ணெய் கிடைக்கும். டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் இம்முறையைச் செம்மைப்படுத்தி, 2019 ஆகஸ்டில் ஓர் ஆலையைத் தொடங்கிற்று. நாளொன்றுக்கு ஒரு டன் பிளாஸ்டிக்கிலிருந்து 800 லிட்டர் வரை டீசல் எடுக்கலாம் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. பாலிதீன், பாலிபுரொப்பிலீன் போன்றவை இதற்கு ஏற்றவை. தண்ணீர்க் குப்பிகள் செய்யும் வகை இதற்கு அவ்வளவாக உதவாது. இதற்கும் எளிய வழியாக, வேறெதற்கும் ஆகாத பிளாஸ்டிக்கை உள்ளாட்சிகள் பல சிமெண்டு ஆலைகளுக்கு அனுப்பி, நிலக்கரியோடு சேர்த்து எரிக்கச் செய்கின்றன.

இந்த எண்ணெயைப் ‘புதுப்பிக்கத்தக்க எரிபொருள்’ என்று சிலர் எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை. பிளாஸ்டிக் பெரும்பாலும் நிலத்தடி எண்ணெயிலிருந்தும் எரிவாயுவிலிருந்தும் செய்யப்படுவது. பல கோடி ஆண்டுகளாகப் புதைந்து கிடந்த கரியை வெளியே எடுத்து, பையாக்கி, ஐந்து நிமிடம் பயன்படுத்தி, மீண்டும் எண்ணெயாக்கி எரித்தால், இறுதியில் வானிற் கலப்பது அதே பழைய கரிதான். அறுத்த பயிர் மீண்டும் முளைப்பதற்குத்தான் புதுப்பித்தல் என்று பெயர். கழிவைப் புதைப்பதைவிடவும் தெருவோரம் கொளுத்துவதைவிடவும் எண்ணெயாக்குவது மேல். அதற்கு மேற்பட்ட பெருமை எதுவும் அதற்கில்லை. சொல்லை இடமறிந்து ஆளுதல் மொழியாசிரியர்க்கு மட்டுமேயுரிய கவலை என்று கருதலாகாது. தவறான பெயர் தவறான மனநிறைவைத் தருகிறது.

இங்கே குணவிரதங்களுள் மற்றொன்றையும் நினைவுகூர்தல் தகும். பயனில்லாமல் பிற உயிர்க்குத் தீங்கு இழைத்தலைத் தவிர்ப்பது அனர்த்ததண்ட விரதம். வீணே நீரைச் சிந்துதல், வீணே செடியைக் கிள்ளுதல், வீணே தீ மூட்டுதல் ஆகியவை அதன்கண் விலக்கப்பட்டவை. உழவன் நிலத்தை உழும்போது உயிர்கள் மடிகின்றன. ஆயினும் அவனுக்கு ஒரு பயன் உண்டு. இல்லறத்தார்க்கு நூல் அவ்வளவுக்கு இடம் தருகிறது. கழுவி வைத்த தம்ளர் அலமாரியில் இருக்க, கழுவும் வேலைக்கு அஞ்சிப் பிளாஸ்டிக் குவளை வாங்குவதற்கு என்ன பயன் சொல்வது? “அதிலிருந்து பிறகு டீசல் எடுக்கலாமே” என்பது விடையாகாது. செயல் நடந்து முடிந்த பின்னர்க் கண்டெடுத்த பயன், அச்செயலுக்குக் காரணமாக இருந்திருக்க முடியாது. காலால் மிதித்து நசுக்கிய நெல்லைக் கோழிக்குப் போடலாம். கோழிக்காகத்தான் மிதித்தோம் என்று கூறலாமா?

இதனினும் நுட்பமான இடர் ஒன்றுண்டு. அதனை நாம் ஒரு பள்ளிக் கண்காட்சியில் கண்டோம். ‘கழிவிலிருந்து கலைப்பொருள்’ என்பது அக்கண்காட்சியின் தலைப்பு. பிள்ளைகள் வீட்டிலுள்ள வீண்பொருள்களைக் கொண்டு ஏதேனும் செய்து வரவேண்டும். முதல்நாள் மாலை கடைத்தெருவில் பெற்றோர் கூட்டமாக நின்று குளிர்பானக் குப்பிகளும் உறிஞ்சு குழாய்களும் புதிதாக வாங்கிக்கொண்டிருந்தனர். ஒரு தாய் குப்பியிலிருந்த பானத்தைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, வெறுங்குப்பியைக் குழந்தையிடம் கொடுத்தார். மறுநாள் அக்குப்பி பூச்சாடியாகிப் பரிசும் பெற்றது. கழிவுக்கு மதிப்பு ஏற்பட்ட உடனே கழிவை உண்டாக்குவோரும் தோன்றிவிடுகின்றனர். நாள்தோறும் ஒரு டன் விழுங்கும் ஆலை நாளை ஊர்தோறும் எழுமானால், அதற்கு நாள்தோறும் ஒரு டன் தேவைப்படும். போட்ட முதலைத் திருப்பி எடுக்க வேண்டியவர், ஊரார் மஞ்சள்பைக்குத் திரும்புவதை விரும்புவாரா? ஆலை கூடாது என்பது நம் கருத்தன்று. ஏற்கெனவே குவிந்து கிடக்கும் மலையைக் கரைக்க அது வேண்டும். புதிய மலையை நம்பி அதனைக் கட்டலாகாது என்றே கூறுகிறோம்.

இனிக் கடற்பாசிக்கு வருவோம். பிளாஸ்டிக் எண்ணெய்க்குப் பொருந்தாத ‘புதுப்பிக்கத்தக்கது’ என்னும் பெயர் இதற்கு உண்மையில் பொருந்தும். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் கஞ்சிப்பாசி, மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று மக்கள் அழகாகப் பெயரிட்டு வழங்கும் பலவகைப் பாசிகள் விளைகின்றன. அகர் என்னும் கூழ்ப்பொருளும், துணிக்குச் சாயமேற்றவும் மருந்துக்கும் உதவும் ஆல்ஜினேட்டும் இவற்றிலிருந்து எடுக்கப்படுகின்றன. இவை இயற்கையாக விளைபவை. வளர்க்கப்படுவது வேறொன்று. பிலிப்பைன்ஸ் கடலுக்குரிய காப்பாபைகஸ் என்னும் சிவப்புப் பாசியை, பாவ்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மத்திய உப்பு, கடல்வேதிப் பொருள் ஆய்வு நிறுவனம் 1980களில் நம் நாட்டுக்குக் கொண்டுவந்தது. அதன் மண்டபம் நிலையத்தார் வளர்ப்பு முறையைப் பழக்கினர். 2000ஆம் ஆண்டையொட்டி அது பெண்கள் குழுக்களின் தொழிலாயிற்று. மூங்கிலால் சதுரத் தெப்பம் கட்டி, கயிறுகளில் பாசித் துணுக்குகளை முடிந்து கடலில் மிதக்கவிட்டால், நாற்பத்தைந்து நாளில் அவை பன்மடங்காகப் பெருகிவிடும். உழவு இல்லை, எரு இல்லை, நன்னீர் ஒரு சொட்டும் வேண்டியதில்லை.

இந்தப் பாசியைப் பிழிந்தால் வரும் சாறு பயிர்களுக்கு ஊட்டமாகிறது. பிழிந்த சக்கையிலிருந்து காராகீனன் எடுக்கின்றனர்; ஐஸ்கிரீமையும் பற்பசையையும் குழைவாக வைப்பது அதுதான். பாசியின் மாச்சத்தைச் சர்க்கரையாக்கிப் புளிக்கவைத்து எத்தனால் என்னும் எரிசாராயம் எடுக்கலாம் என்பதையும் அந்நிறுவனத்தார் செய்து காட்டியுள்ளனர். சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்து ஆய்வாளர் இதே பாசியிலிருந்து, மண்ணில் மக்கக்கூடிய மெல்லிய உறைத்தாளை உருவாக்கினர். இலண்டன் நிறுவனமொன்று பாசிப் படலத்தால் தண்ணீர் உருண்டைகளையே செய்தது; 2019இல் அந்நகரில் நடந்த நெடுந்தொலைவு ஓட்டத்தில் ஓடியவர்களுக்கு விளையாட்டுப் பானம் நிரப்பிய அத்தகைய உருண்டைகள் வழங்கப்பட்டன. உள்ளிருப்பதைக் குடித்துவிட்டு உறையையும் விழுங்கிவிடலாம். குப்பைத்தொட்டிக்கு அங்கு வேலையே இல்லை.

நம் அளவுகோலின்படி, இப்பாசி உறை மதுரைச் சாலைக்கும் டேராடூன் எண்ணெய்க்கும் மேலானது. சாலையும் எண்ணெயும் தவறு நிகழ்ந்த பிறகு செய்யும் பரிகாரங்கள். பாசி உறையோ போகத்துக்குப் போகத்தின் உடலையே தருகிறது. நம் வாழையிலையும் தொன்னையும் செய்துவந்த வேலை அது. அறிவியல் பெருஞ்செலவு செய்து வாழையிலைக்குத் திரும்பி வந்திருக்கிறது என்று எண்ணிச் சிரிப்பதில் தவறில்லை. வந்தவரை வரவேற்பதே முறை.

எனினும் பாசியும் உயிர். புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பியம் வகுத்துள்ளது; நம் ஆகமங்களும் அவ்வாறே கூறும். பாசியைப் பறிக்கையில் அதனைப் பற்றி வாழும் எண்ணற்ற சிற்றுயிர்களும் உடன் வருகின்றன. உலகின் ஊர்திகள் ஓடுவதற்கெல்லாம் பாசியை எரிசாராயமாக்குவோம் என்று புறப்பட்டால், கடலின் எவ்வளவு பரப்பைத் தெப்பங்களால் மூட வேண்டியிருக்கும்! சோளமும் கரும்பும் எரிபொருளாகி நிலத்தில் எழுப்பிய கேள்வி, பாசி எரிபொருளானால் நீரிலும் எழும்.

இது வெறும் அச்சமும் அன்று. காப்பாபைகஸ் நம் கடலுக்கு அயலது. தமிழ்நாடு அரசு 2005இல் அதன் வளர்ப்பைப் பாக் நீரிணையின் வடபகுதிக்கும் தூத்துக்குடிக்குத் தெற்கிலுள்ள கடலுக்கும் வரையறுத்தது. இடையிலுள்ள மன்னார் வளைகுடாவில் பவளப்பாறைகள் சூழ்ந்த இருபத்தொரு தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுவதே காரணம். அவ்வாறிருந்தும், குருசடைத் தீவருகே அப்பாசி பவளங்களின்மீது படர்ந்து மூடியிருப்பதாக 2008இல் ஆய்வாளர் எழுதினர். பவளம் கல்லன்று, உயிர்களின் குடியிருப்பு. ஒருபுறம் பிளாஸ்டிக்குக்கு மாற்றாகிக் கடலைக் காக்க வந்த பாசி, மறுபுறம் கடலின் உயிரை மூச்சுமுட்டச் செய்தது. பின்னர் 2013ஆம் ஆண்டையொட்டிக் கடல் வெப்பத்தாலும் நோயாலும் அப்பயிர் பெருமளவு மடிந்து, அதை நம்பியிருந்த குடும்பங்கள் வருவாய் இழந்ததும் உண்டு. இப்போது மீண்டும் ஊக்கம் அளிக்கப்படுகிறது. இராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்பாசிப் பூங்கா ஒன்றுக்கு 2023 செப்டம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. நல்லதே, முன்பு நேர்ந்ததை மறவாமல் செய்வார்களாக.

இக்கடற்கரையில் நாம் கற்கவேண்டிய பாடம் ஆய்வுக்கூடத்தைவிடப் பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற குப்பங்களில் இருப்பதாகத் தோன்றுகிறது. தலைமுறைகளாக அங்குள்ள பெண்கள் கடலில் மூழ்கி இயற்கைப் பாசியைக் கையால் பறித்து வருகின்றனர். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணியைச் சுற்றிக்கொள்வர். கண்ணுக்கு ஒரு கண்ணாடி, இடுப்பில் ஒரு பை. வேறு கருவி இல்லை. தேசியப் பூங்கா அமைந்தபோது தீவுகளை அண்டும் உரிமை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. வழக்கும் பிடிப்பும் அபராதமுமாகப் பல ஆண்டுகள் சென்றன. அப்பெண்கள் ஒன்றுகூடித் தம் உரிமையைக் கேட்டனர். அதே வேளையில் தமக்குத் தாமே ஓர் எல்லையும் வகுத்துக்கொண்டனர்: மாதத்தில் பன்னிரண்டு நாள் மட்டுமே பறிப்பது, பாறையை உலோகக் கருவியால் சுரண்டாதிருப்பது. அவர்களை முன்னின்று நடத்திய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு, 2015இல் அமெரிக்காவிலுள்ள சீகாலஜி அமைப்பு தன் விருதை வழங்கிற்று.

பன்னிரண்டு நாள்! எஞ்சிய பதினெட்டு நாளும் வருவாய் வேண்டாம் என்று சொல்லுமளவு செல்வம் அவர்களிடம் இல்லை. விரதம் என்ற சொல்லை அவர்கள் ஆளவில்லை. சிராவகாசாரம் அவர்கள் கேள்விப்பட்டிராத நூல். ஆயினும் பரிமாணம், அதாவது அளவு, என்று நாம் நூலில் படித்ததை அவர்கள் நீருக்கடியில் கைக்கொண்டு வாழ்கின்றனர். நமக்குத் தேவையான எந்தப் பொருளுக்காவது நாமாக ஒரு மாதத்தில் இத்தனை நாள் என்று வகுத்துக்கொண்டோமா என்பதை அவரவர் எண்ணிப் பார்க்கலாம்.

நம் ஊர்ப் பக்கத்தை நோக்குவோம். வளவனூர் கடலிலிருந்து விலகியே இருக்கிறது. நாம் எறியும் பை கடலுக்குப் போகாது என்று நினைப்பவர்கள், 2024 நவம்பர் இறுதியில் வந்த பெஞ்சல் புயலை மறந்திருக்க மாட்டார்கள். விழுப்புரம் மாவட்டம் முழுவதும் வெள்ளக்காடாயிற்று. தென்பெண்ணை கரைபுரண்டது. நீர் வடிந்தபின் வாய்க்கால் ஓரத்து வேலிக்காத்தான் மரங்களைப் பார்த்தோம். ஆளுயரத்திற்கு மேல் கிளைதோறும் பைகள் காய்த்துத் தொங்கின. சிக்கியவை அவை, சிக்காதவை கடலூரருகே கடல் சேர்ந்திருக்கும். அங்கிருந்து பவளத்தீவு அதிகத் தொலைவில்லை, நீரோட்டத்துக்கு.

சட்டத்திற்குக் குறைவில்லை. தமிழ்நாட்டில் 2019 சனவரி முதல் நாளிலிருந்து பதினான்கு வகை ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் பொருள்கள் தடைசெய்யப்பட்டுள்ளன. உட்புறம் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் அவற்றுள் ஒன்று என்பது பலருக்குத் தெரியாது. ‘பேப்பர் கப்’ என்று பெயர் சூட்டிவிட்டால் பாவம் நீங்கிவிடும் என்பது நம்பிக்கை போலும். 2022 சூலை முதல் நாடு முழுமைக்கும் ஒரு தடை வந்தது. 2021 டிசம்பரில் மாநில அரசு மீண்டும் மஞ்சப்பை என்னும் இயக்கத்தைத் தொடங்கியது. மஞ்சள்பை நம் தலைமுறைக்குப் புதிதன்று. திருமண வீட்டுத் தாம்பூலப் பையாக வந்து, பத்தாண்டுகள் நியாயவிலைக் கடைக்குச் சென்று, கிழிந்தபின் கரித்துணியாகி மறையும். அது உபபோகத்தின் முழு வாழ்வு.

பையைவிடக் கடினமானது குவளை. விழாக்களிலும் அன்னதானங்களிலும் ஏன் எவர்சில்வர் தம்ளர் வைப்பதில்லை என்று கேட்டால், வாங்கப் பணமில்லை என்று எவரும் சொல்வதில்லை. வாடகைப் பாத்திரக் கடைகளில் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. சொல்லப்படும் விடை ஒன்றே: “கழுவ ஆள் இல்லை.” இவ்விடையில் உண்மை உண்டு. முன்பு கழுவியவர்கள் யார்? கொல்லைப்புறத்தில் சாம்பலும் தேங்காய்நாருமாகக் குந்தியிருந்த பெண்கள். அல்லது அரைவயிற்றுக் கூலிக்கு வந்த ஏழைப் பெண்கள். பந்தியில் அமர்ந்து கடைசியாக உண்டவர்களும் அவர்களே. பிளாஸ்டிக் குவளை வந்தபோது அவர்கள் மகிழ்ந்தனர் என்றால் அவர்களைக் குறைகூற நமக்கு நாவெழவில்லை. பழைய காலம் பொற்காலம் என்று எழுதும் ஆடவர் பலர் அக்காலத்தில் ஒரு தம்ளரையும் கழுவியவர்கள் அல்லர்.

ஆனால் கழுவும் வேலை அன்றோடு ஒழிந்துவிடவில்லை. இடம் மட்டும் மாறிற்று. கொல்லைப்புறத்துப் பெண் விட்ட வேலையை, தூய்மைப் பணியாளரும் குப்பை பொறுக்கும் சிறுவனும் ஏற்றுள்ளனர். அவர்களுக்கும் எஞ்சியதைக் கடல் ஏற்றுக்கொண்டது. டேராடூன் ஆலையும் மதுரைச் சாலையும்கூட அவ்வேலையின் மற்றொரு பகுதியே. நாம் கழுவ மறுத்த தம்ளரை, அறிவியல் பெருஞ்செலவில் நமக்காகக் கழுவித் தர முயல்கிறது. அது தன்னால் இயன்றதைச் செய்யட்டும். எவருடைய தம்ளர் அது என்ற கேள்விக்கு அறிவியல் விடை சொல்லாது. அதற்குரியவர் நாமே.

ஆகவே நம் பகுதி அன்பர்களிடம் ஒரு சிறு வேண்டுகோளை முன்வைத்தோம். மகாவீரர் ஜெயந்தி அன்னதானத்திற்குத் தம்ளர்களை வாடகைக்கு எடுத்துக்கொள்வது. நீர்த்தொட்டி ஒன்றை முன்வாயிலிலேயே, யாவரும் காணும் இடத்தில் வைப்பது. அரைமணிக்கு நால்வர் என்று முறைவைத்து, உண்டவர்களே நின்று கழுவுவது. உட்கார முடியாத முதியோர்க்கு மேடையுயரத் தொட்டியும் உண்டு. நீர் வீணாகாமலிருக்க மூன்று அண்டாக்களில் வரிசையாக அலசினால் போதும். பெயர் கொடுப்பவர்களை ஏட்டில் எழுதும் பொறுப்பை நாமே ஏற்றுள்ளோம். பதினேழு பெயர்கள் இதுவரை வந்துள்ளன. அனைத்தும் பெண்களுடையவை. ஏட்டில் இடம் நிறைய இருக்கிறது.